ஸ்டேஷனுக்கு அம்மை போட்ட நவராத்திரி

என் வீட்டுக்காரருக்கு ரயில் பைத்தியம். சரியாகச் சொன்னால் ரயில்மேல்கூட இல்லை, ரயில் நிற்கிற இடங்களின்மேல். ஸ்டேஷன், கூட்ஸ் ஷெட், கேட்கீப்பர் ரூம், தண்ணீர் டேங்க் எல்லாவற்றையும் உள்ளங்கை அகலத்துக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்ப்பார். குண்டூசியால் செங்கல் கோடு கீறுவார். சித்தூரில் நாங்கள் குடியிருக்கிற வீட்டில், கட்டில் போட வேண்டிய இடத்தில் ஒரு ஜங்ஷன் இருக்கிறது. நாங்கள் பாய் விரித்து ஓரமாகப் படுத்துக்கொள்கிறோம். விருந்தாளிகள் கூட்ஸ் ஷெட்டைத் தாண்டித்தான் பாத்ரூமுக்குப் போக வேண்டும்.

இதில் நான் எப்படி மாட்டினேன் என்றால், அவர் கட்டுகிற எதுவும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டவில்லை. நாலு நாள் தூறினால் போதும், ஸ்டேஷன் சுவரில் பெயின்ட் கொப்புளிக்கும், ஓரம் பொடிப்பொடியாக உதிரும். அவர் பெயின்ட் கம்பெனிக்காரனைத் திட்டுவார். நானோ மாம்பழக் கூழ் யூனிட்டில் குவாலிட்டி பார்க்கிறவள். டப்பாவின் மூடி சரியாகப் பதிந்திருக்கிறதா, உள்ளே காற்று போயிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, சந்தேகம் வந்தால் ரிஜெக்ட் என்று ஒதுக்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம். கண்ணெதிரே ஒரு ரயில்வே ஸ்டேஷன் கசிந்துகொண்டிருந்தால் எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

ஒருநாள் பொறுக்கமாட்டாமல், அவர் பெயின்ட் அடிக்க எடுத்த ஸ்டேஷனைப் பிடுங்கி என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. பிளாஸ்டர் வெளியே காய்ந்த மாதிரிதான் தெரியும், ஆனால் ஜில்லென்றிருந்தால் உள்ளே தண்ணீர் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்குமேல் பெயின்ட் அடித்தால் அந்தத் தண்ணீர் எந்த வழியாகத்தான் வெளியே போகும்? "ஈரத்த உள்ள வெச்சி மூடிட்டு இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க நீங்க?" என்று கேட்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டு ரயில்வேயில் கட்டுவது அவர், காப்பாற்றுவது நான் என்று ஆகிவிட்டது.

என் முறை பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரியாதவரைக்கும் காய வைக்க வேண்டும். பிறகு ஆசாரிகள் மரத்துக்கு அடிக்கிற பிரெஞ்சு பாலிஷ், அதாவது அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ஊற வைத்துக் கரைத்தது, அதை மெல்லிசாக உள்ளே, வெளியே, கூரை, ஜன்னல் இடுக்கு, முக்கியமாக அடிப்பக்கம், ஒரு இடம் விடாமல் பூச வேண்டும். அது காய்ந்ததும் இன்னொரு பூச்சு. அதற்குமேல்தான் பிரைமர், பெயின்ட், கடைசியில் பளபளக்காத மங்கல் வார்னிஷ். ஸ்பிரிட் வாங்கப் போனபோது ஹார்டுவேர் கடைக்காரர் தெலுங்கில் மெதுவாக, வீட்டில் யாருக்கு அம்மா இந்தப் பழக்கம் என்று விசாரித்தார். ஸ்டேஷனுக்கு என்றேன். அவர் போலீஸ் ஸ்டேஷன் என்று நினைத்துக்கொண்டு உடனே கொடுத்துவிட்டார்.

இனி திருப்பதி விஷயம். நான் நகரிக்காரி. எங்கள் நைனா வீட்டில் பவர்லூம் ஓடும், எங்களுக்கெல்லாம் கொஞ்சம் சத்தமாகத்தான் பேச வரும். என் வீட்டுக்காரர் திருப்பதியில் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பத்தில் கடைக்குட்டி. எங்கள் கல்யாணம் சித்தூர் ரிஜிஸ்டர் ஆபீஸில் நடந்தது. அவருடைய அண்ணா, என் மூத்தார், அடிக்கவும் இல்லை, சபிக்கவும் இல்லை. தம்பி எப்போதும்போல் வீட்டுக்குள் வரலாம், போகலாம் என்றார். என்னைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

அந்த வீட்டில் எனக்கென்று ஒரு இடம் உண்டு. கேட்டுக்கு உள்ளே, செருப்பு விடுகிற இடத்தின் பக்கத்தில், ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. கல்யாணமான புதிதில் போட்டது, வெயிலில் இப்போது ரோஸ் நிறத்துக்கு வந்துவிட்டது. அதில் உட்கார்ந்தால் மூத்தாரின் மனைவி, என் ஓரகத்தி, காபி கொண்டுவந்து கொடுத்து, நின்றபடியே பாசமாக நாலு வார்த்தை பேசுவார். காபியில் குறை சொல்ல முடியாது. மூத்தார் என்னிடம் நேராகப் பேச மாட்டார். பேசியே ஆகவேண்டும் என்றால் நாற்காலியைப் பார்த்துப் பேசுவார். நவராத்திரியில் சுண்டல் டப்பாவில் வெளியே வரும். கொலு வெளியே வராது. ஊரில் இருக்கிற பெண்களெல்லாம் என்னைத் தாண்டிக்கொண்டு உள்ளே போய்க் கொலு பார்த்துவிட்டு வருவார்கள்.

எனக்கு அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி, அவரும் நம்பிவிட்டார். அது பொய். அந்த ஹாலில் ஒருநாளாவது தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கொலு பார்க்க வேண்டும், என் ஓரகத்தி கையால் வெற்றிலை பாக்கு வாங்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. நல்லாவே இருந்தது.

போன வருஷம் புரட்டாசி பிறப்பதற்கு முன்னால் ஓரகத்தி போன் செய்தார். கொலுவுக்குக் கீழே பார்க் போட்டு ரயில் விடுவது அவர்கள் வீட்டு வழக்கம். பழைய தகர ஸ்டேஷன் துருப்பிடித்துவிட்டது. கொழுந்தனார் ஏதோ ஸ்டேஷனெல்லாம் பண்ணுகிறாராமே, ஒன்று கொடுத்தால் கடைசிப் படியில் வைக்கலாம் என்றார். என் வீட்டுக்காரர் போனை வைத்துவிட்டு, வேலைக்கு ஆர்டர் வந்தவர் மாதிரி நின்றார். வார்த்தவர் அவர், பூசிப் பெயின்ட் அடித்தவள் நான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அது பரவாயில்லையாம், பொம்மைக்குத் தோஷம் கிடையாதாம். நான் அடித்த ஸ்டேஷன் உள்ளே போகலாம், எனக்குப் பிளாட்பார டிக்கெட்கூட இல்லை.

ஆனால் பிரெஞ்சு பாலிஷில் வந்து வழக்கு நின்றது. அரக்கு என்பது பூச்சியிலிருந்து வருவது. ஸ்பிரிட் என்பது, வாசனையைப் பார்த்தாலே தெரியும், சாராயத்துக்குச் சொந்தக்காரன். பெருமாள் எழுந்தருளியிருக்கிற கொலுவில் இதை எப்படி வைப்பது? மூத்தார் இரண்டு நாள் யோசித்துத் தீர்ப்பு சொன்னார். மேலே எது பூசியிருந்தாலும் அது ஆகாசத்தைத்தான் தொடுகிறது. படியைத் தொடுகிற அடிப்பக்கத்தில் மட்டும் பூச வேண்டாம்.

எனக்கு வந்த கோபத்தில் பிரஷ்ஷைத் தூக்கிக் கூட்ஸ் ஷெட்மேல் போட்டேன். அடியில் ஓட்டை விட்டுவிட்டு மேலே மூடி அடிக்கிற டப்பாவை எந்த யூனிட்டிலாவது பாஸ் பண்ணுவார்களா? வீட்டுக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த ஒரு தடவை மட்டும் என்றார். நம் கை பட்டது ஒன்று அந்த ஹாலுக்குள் இருக்கட்டுமே என்றார். அவர் அப்படிச் சொன்னபிறகு நான் என்ன செய்வது? அடிப்பக்கத்தை அப்படியே விட்டேன். தரையில் ஈரம் இருந்தால் மட்டும் வைக்கக் கூடாது, கீழே ஒரு பிளாஸ்டிக் ஷீட் போடச் சொல்லுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன்.

பிளாஸ்டிக் மடி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கொலுப்படிக்கு மூத்தாரின் வேட்டியைத்தான் விரிப்பார்கள். அவரே துவைத்து, அவரே கொம்பால் கொடியில் போட்டு, யார் கையும் படாமல் காய வைக்கிற வேட்டி. அந்த வாரம் திருப்பதியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வேட்டி காயவே இல்லை. ஆனாலும் காயாத மடி வேட்டி மடிதான், காய்ந்திருந்தாலும் கண்ட கை பட்ட விழுப்பு வேட்டி விழுப்புத்தான். ஈரத்தையே விரித்தார்கள். அதன்மேல், பூசாத அடிப்பக்கத்தோடு, என் ஸ்டேஷனைக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.

பிளாஸ்டருக்குத் தண்ணீர் என்றால் அவ்வளவு தாகம். மூன்றாம் நாள் காலையில் ஓரகத்தி போனில் அழுதார். டிக்கெட் கவுன்ட்டர் சுவர் முழுக்கக் கொப்புளம். கூரையில் கொப்புளம். பிளாட்பாரம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. கொலு பார்க்க வந்த பக்கத்துத் தெரு அம்மாள் ஒருவர் குனிந்து பார்த்து, இது அம்மை என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்கவில்லை, வேப்பிலை ஒடித்துவந்து ஸ்டேஷன் போர்ட்டிகோவில் செருகிவிட்டுப் போனார். அதன்பிறகு வந்த பெண்கள் கொலுவை விட்டுவிட்டு ஸ்டேஷனை விழுந்து விழுந்து பார்த்தார்கள். ஒருத்தர் இளநீர் வைத்தார். அதிலும் கொஞ்சம் சிந்தி ஸ்டேஷன் குடித்தது.

கேட்டதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் ஓரகத்தி நிஜமாகவே பயந்திருந்தார். கொலுவில் ஒரு பொம்மை உடைந்தால் வீட்டுக்கு ஆகாது என்று நினைக்கிறவர் அவர். உடைகிறதுக்கு முன்னால் வெளியே எடுத்துவிடலாம் என்றால், கொலு வைத்தபிறகு விஜயதசமிவரை ஒரு பொம்மையையும் இடத்தைவிட்டு அசைக்கக் கூடாது. ஸ்டேஷன் அங்கேயே இருந்து உதிர வேண்டும், அவர் அதைத் தினமும் விளக்கேற்றிப் பார்க்க வேண்டும். அப்படி ஆகிவிட்டது நிலைமை.

முதலில் என் வீட்டுக்காரர் போனார். புது ஹேர் டிரையர் ஒன்று வாங்கிக்கொண்டு போனார். யார் தலைமேலும் ஊதாத டிரையராக இருக்க வேண்டும் என்பது அண்ணாவின் நிபந்தனை. வீடியோ காலில் நான் சித்தூரிலிருந்து சொல்லச் சொல்ல அவர் ஊத வேண்டும் என்று ஏற்பாடு. தள்ளிப் பிடியுங்கள், சூட்டைக் குறையுங்கள் என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். பதற்றத்தில் அவர் பக்கத்தில் கொண்டுபோய் முழுச்சூட்டில் வைத்துவிட்டார். கூரைப் பெயின்ட் அப்பளம்போல் எழும்பியது. போன் கீழே விழுந்து, எனக்கு அந்த வீட்டு உத்தரம் மட்டும் தெரிந்தது. முதல்முறையாக அந்த ஹாலை நான் பார்த்தது அப்படித்தான்.

உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே அவர்கள் பேசுவதைக் கேட்டேன். என் வீட்டுக்காரர் அண்ணாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்றும் எதிர்க்கவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்.

"அண்ணா, இது என்னால ஆகாது. அவ வந்தாத்தான் ஆகும்."

மூத்தார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வைத்தியர் ஆத்துக்குள்ள வந்தா மடி பாக்கப்படாது. சீக்குன்னு ஊரே சொல்லிண்டிருக்கு. வரச் சொல்லு" என்றார்.

பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு நெஞ்சு முழுக்க எரிச்சல். இத்தனை வருஷம் மனுஷியாக வர முடியாத வீட்டுக்கு ஒரு பொம்மைக்கு டாக்டராகப் போகிறேன். போகாமல் திரும்பிவிடலாமா என்று பாகாலா தாண்டும்வரை யோசித்தேன். அதே சமயம் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்ததும் நான்தான். இரண்டும் உண்மை.

கேட்டைத் திறந்து, பழக்க தோஷத்தில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஓரகத்தி வாசலுக்கு வந்தார். கையில் காபி இல்லை. "உள்ள வாங்கோ" என்றார். செருப்பை நாற்காலிக்கு அடியில் விட்டுவிட்டு எழுந்தேன்.

ஹால் நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. கொலுவும் அப்படி ஒன்றும் பெரியதில்லை, எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய கொலு பார்த்திருக்கிறேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்து, பையிலிருந்து ஊசி, பிரஷ், பாலிஷ் பாட்டில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். பாட்டில் வாசனைக்கு ஓரகத்தி மூத்தாரைப் பார்த்தார். வைத்தியர் வந்தால் மருந்து வராமல் இருக்குமா என்று மூத்தார் அரிச்சந்திரனைப் பார்த்துச் சொன்னார். அது இரண்டாம் படியில் இருந்த பொம்மை.

முதலில் வேப்பிலையை எடுத்தேன். கொப்புளங்களை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி, உரிந்ததை வழித்து, ஈரம் வெளியே வர வழிவிட்டேன். அடியில் காற்றுப் போக வேண்டும், அதற்கு ஸ்டேஷனைக் கொஞ்சம் தூக்க வேண்டும் என்றேன். ஓரகத்தி பதறினார். அசைக்கக் கூடாதே. மூத்தார் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கைங்கரியத்தில் பெருமாளைத் தினமும் தூக்கி எழுந்தருளப் பண்ணுகிறவர் அல்லவா, வழி அங்கிருந்துதான் கிடைத்தது. பக்கவாட்டில் போனால் அது நகர்த்துவது, நேரே மேலே போய் அதே இடத்தில் இருந்தால் அது எழுந்தருளப் பண்ணுவது, அதற்குத் தடையில்லை என்றார். ஓரகத்தி நாலு மஞ்சள் கிழங்கு கொண்டுவந்தார். வீட்டுக்காரர் ஸ்டேஷனை நேரே மேலே தூக்க, நான் நாலு மூலையிலும் மஞ்சளை வைக்க, மூத்தார் கீழே இருந்த ஈர வேட்டியைத் தன் கையாலேயே கத்தரியால் வெட்டி எடுத்தார். வாய்க்குள் ஏதோ ஸ்லோகம் முணுமுணுத்தார். டிரையரை எட்ட வைத்து, ஆறின காற்றாக விட்டேன்.

பிறகு குனிந்து ஸ்டேஷன் சுவரில் என் கன்னத்தை வைத்தேன். நல்ல ஜில். "நாளைக்கும் வந்து பாக்கணும்" என்றேன். ஓரகத்தி தலையாட்டினார். மூத்தார் ஸ்டேஷனைப் பார்த்து, காபி சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்றார். அந்தக் காபியை ஹாலில் உட்கார்ந்து குடித்தேன்.

மாம்பழ சீசன் முடிந்திருந்ததால் யூனிட்டில் லீவு கிடைத்தது. தினமும் சித்தூரிலிருந்து பஸ். தினமும் கன்னத்தை வைத்துப் பார்ப்பது, நாளைக்கும் வரணும் என்பது. கொலுவுக்கு வருகிற பெண்களுக்கு ஓரகத்தி என்னை அறிமுகம் செய்தார். முதல் நாள் ஸ்டேஷனுக்குப் பார்க்கிறவர் என்றார். இரண்டு நாள் கழித்து, எங்காத்து ஸ்டேஷனுக்குப் பார்க்கிறவர் என்றார். பிறகு ஒருநாள், பேச்சுவாக்கில், என் ஓரகத்தி என்றார். சொன்னபிறகு அவருக்கே தெரிந்துவிட்டது, உடனே சுண்டல் எடுக்கப் போய்விட்டார். மூத்தாரும் கொஞ்சம் முன்னேறினார். ஸ்டேஷனைப் பார்த்துப் பேசுவது, ஸ்டேஷனுக்கும் எனக்கும் நடுவில் பார்த்துப் பேசுவது என்று ஆனது.

சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களோடு என் பிரஷ்ஷையும் ஊசியையும் வாங்கி வைத்தார்கள். பாலிஷ் பாட்டிலுக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. பூச்சியும் சாராயமும் என்று அடியில்கூடப் பூச விடாத அதே பாட்டில். பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

விஜயதசமி வந்தது. எனக்குக் காலையிலிருந்தே மனசு சரியில்லை. இனிப் பொம்மையைத் தாராளமாக அசைக்கலாம். ஸ்டேஷன் காய்ந்திருந்தால் அடிப்பக்கத்துக்குப் பாலிஷ் பூசி, பெயின்ட் தொட்டு, வேலையை முடித்துக் கொடுத்துவிடலாம். முடித்துக் கொடுத்தால் வைத்தியருக்கு அந்த வீட்டில் வேலை இல்லை. அடுத்த தடவை வரும்போது ரோஸ் நாற்காலிதான். பஸ்ஸில் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரரும் கூடவே வந்தார்.

ஹாலில் உட்கார்ந்து, ஸ்டேஷனைக் கையில் எடுத்துக் கன்னத்தில் வைத்தேன். குளிர்ச்சி இல்லை. சுவர், கூரை, அடி, எங்கேயும் இல்லை. முறுகலாகக் காய்ந்திருந்தது. ஆயிற்று என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் மூத்தார் கையை நீட்டினார். அப்போதுதான் குளித்துவிட்டு மடியில் இருந்தார், யார் நிழல் பட்டாலும் திரும்பக் குளிக்கிற நேரம். என் கையிலிருந்து ஸ்டேஷனை வாங்கினார். என் கன்னம் பட்ட அதே சுவரில் தன் கன்னத்தை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். வாழ்நாளில் ஒரு பொய் சொல்லாதவர் என்று ஊரில் பேர் எடுத்தவர்.

"இன்னும் ஜில்லுன்னுதான் இருக்கு" என்றார். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "அவசரப்பட்டு மூடப்படாது. இங்கயே இருக்கட்டும். நீ அப்பப்போ வந்து பாரும்மா."

ஓரகத்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஸ்டேஷனை வாங்கித் தன் கன்னத்திலும் வைத்துப் பார்த்தார். "ஐஸா இருக்கு. தீபாவளிக்குள்ள காஞ்சா பெரிசு" என்று சொல்லிவிட்டு, என் முன்னால் வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டினார்.

யூனிட்டில் சேர்ந்த நாளிலிருந்து நான் ஒரு பொய் ரிப்போர்ட் எழுதினதில்லை. தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

"ஆமா மாமா, உள்ள ஈரம் இருக்குது" என்றேன். "வந்து பாத்துக்கினே இருக்கணும்."